வேப்பெண்ணெயா, வேப்பம்பருப்புக் கரைசலா?

இலை தின்னும் புழுக்களுக்கு வேப்பம்பருப்புக் கரைசல்தான் என் தேர்வு. எண்ணெய் கலக்கச் சுலபம், கரைசலுக்கு ஒரு ராத்திரி ஊறல் வேண்டும். ஆனால் கணக்கைத் தீர்ப்பது வேலைச் சுமையல்ல, செடியில் போய்ச் சேரும் அசாடிராக்டினின் அளவு; வேம்பில் புழுவைத் தடுக்கும் முக்கியச் சேர்மம் அதுதான்.

இந்தச் சேர்மம் புழுவை உடனே கொல்வதில்லை. தின்பதை நிறுத்துகிறது, தோலுரிப்பதைக் கெடுக்கிறது. தெளித்த மறுநாளும் புழு இலைமேல் உயிரோடுதான் கிடக்கும். பார்க்க வேண்டியது இலையில் புதுக் கடி விழுகிறதா என்பதை.

பருப்பில் அசாடிராக்டின் ஏறக்குறைய 0.2 முதல் 0.6 சதவீதம், மரத்துக்கு மரம் மாறும். குறைந்த அளவையே எடுத்தாலும் 500 கிராம் பருப்பில் 1 கிராம் இருக்கிறது. அதில் பாதிதான் தண்ணீரில் இறங்கியது என்றாலும் 10 லிட்டர் கரைசலில் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) வருகிறது. 300 பிபிஎம் என்று குறித்த வேப்பெண்ணெய் மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்தால் கிடைப்பது 1.5 பிபிஎம். எண்ணெய் ஆட்டும்போது அசாடிராக்டினில் கணிசமான பங்கு பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு நல்ல பருப்புக்குத்தான். பழுத்த பழத்தின் சதையை அன்றன்றே பிசைந்து கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோடும் சாக்கில் வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். உடைத்துப் பாருங்கள்: பருப்பு இளம்பச்சையாக இருந்தால் சரி, கறுத்ததைத் தூக்கிப் போடுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் பழையதென்றால் வீரியம் குறைந்திருக்கும்.

500 கிராம் பருப்பை ஒன்றிரண்டாக இடியுங்கள். விழுதாக அரைத்தால் எண்ணெய் கக்கித் துணியை அடைத்துவிடும். 1 லிட்டர் சாதாரணத் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறட்டும், வெந்நீர் வேண்டாம். கலக்கி இருமுறை வடிகட்டினால் பால் போன்ற வெள்ளைச் சாறு வரும். 10 லிட்டராக்குங்கள். 20 கிராம் சோப்பைத் தனியே கரைத்து, தெளிப்பதற்குச் சற்றுமுன் கடைசியாகச் சேருங்கள். சோப்பின் காரம் அசாடிராக்டினைச் சிதைக்கும் என்பதால் முன்கூட்டிக் கலந்து வைக்கக்கூடாது. உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீரிலும் இதே சிக்கல்.

வெயிலும் எதிரி. சாயங்காலம் தெளியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். வாரம் கழித்து மறுமுறை. மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

செதில் பூச்சி, மாவுப்பூச்சி, சாம்பல் நோய் என்றால் எண்ணெய் முந்துகிறது, ஏனென்றால் அங்கே எண்ணெய்ப் படலமே மூச்சை அடைக்கிறது. லிட்டருக்கு 30 மில்லி வரை, சோப்பில் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் இலை கருகும். உச்சி வெயிலிலும் அப்படியே. முதலில் நாலைந்து இலைகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

மருந்து மரம்தானே என்று வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு வாய்வழி கொடுக்கவே கூடாது. சில மில்லி உள்ளே போனாலே வாந்தி, வலிப்பு, மயக்கம் வரை போயிருக்கிறது. பாட்டில் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.