ஷோபனா ஜெயசிங் நடனக் குழு: எதிலிருந்து பார்க்கலாம்?

சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988-இல் லண்டனில் தொடங்கிய குழு. அந்த ஆண்டே ஆங்கிலேய இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் இவர்களுக்காக நால்வர் வாசிக்கும் நரம்பிசை (ஸ்ட்ரிங் குவார்ட்டெட்) அமைத்தார்; தாளக் கணக்கு ஷோபனாவுடையது.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'மெட்டீரியல் மென்' என்ற நடனத்தில் தொடங்கலாம். பரதம் பயின்ற சூரஜ் சுப்ரமணியம், ஹிப் ஹாப் ஆடும் ஷைலேஷ் பஹோரன், இருவர் மட்டுமே. தோட்டக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் வரலாறுதான் கரு. ஒருவர் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிய அரைமண்டியில் முதுகு நிமிர்த்தி எடையைப் பாதத்தில் இறக்குகிறார். மற்றவர் அதையே கைக்கும் தோளுக்கும் மாற்றித் தரையில் சுழல்கிறார். இந்த எடை மாற்றத்தைக் கவனித்தால் போதும், விளக்கக் குறிப்பே வேண்டாம்.

மேடை உயரமான அரங்கில் முதல் வரிசை வேண்டாம். தரையசைவு பாதி மறையும். வர்ணம், தில்லானா என்ற வழக்கமான பரதக் கச்சேரி வரிசையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.