டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 1: நான்கு முளையில் நிற்கும் கூடாரம்

கூடாரத்தின் எடை என்று போட்டிருப்பதில் முளைகள் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். டர்ஸ்டன் நிறுவனத்தின் ஒருவர் கூடாரமான எக்ஸ்-மிட் 1-இல் வெளித்துணியும் உள்வலையும் சேர்ந்து ஏறத்தாழ 800 கிராம். ஆறு முளைக்கு 60 முதல் 90 கிராம் வரை ஆகும். அடிவிரிப்பும் வேண்டுமென்றால் இன்னும் 50 முதல் 100 கிராம். ஆக, பையில் ஏறுவது ஒரு கிலோவை நெருங்கும்.

இதைத் தாங்கத் தனிக் கம்பிச் சட்டம் கிடையாது. நடக்கும்போது ஊன்றும் இரண்டு ட்ரெக்கிங் கம்புகளே தூண்கள். கம்பு இல்லாமல் நடப்பவர்கள் கூடாரத்துக்காகவே இரண்டு கம்பு வாங்க வேண்டும்; எடையில் கிடைத்த லாபம் அங்கேயே கரையும். ஒரே இடத்தில் தங்கி, பகலில் கம்போடு சிகரம் ஏறித் திரும்பும் திட்டத்துக்கும் இது ஒத்துவராது. கம்பை எடுத்தால் கூடாரம் படுத்துவிடும்.

இதன் உண்மையான பலம் வடிவத்தில் இருக்கிறது. வெளித்துணி தரையில் செவ்வகமாக விழுகிறது. உள்வலை அதற்குள் கோணலாக, இணைகரமாக அமைகிறது. கம்புகள் படுப்பவரின் தலைக்கோ காலுக்கோ நேராக வராமல் இரு பக்கமும் ஒதுங்கி நிற்கின்றன. அதனால் இரண்டு வாசல், ஒவ்வொன்றின் முன்னும் திண்ணை போல மூடிய இடம். ஈரச் செருப்பும் பையும் ஒரு பக்கம் கிடக்க, மறுபக்கம் தடையில்லாமல் இறங்கலாம். ஒருவர் கூடாரத்தில் இது பெரிய வசதி.

கட்டுவதும் எளிது. நான்கு மூலையிலும் முளை அடித்து, இரண்டு கம்பையும் உள்ளே நிறுத்தி உயர்த்தினால் போதும். பலர் சறுக்குவது மூலைகளில். செவ்வகம் கோணிப்போனால் எவ்வளவு இழுத்தாலும் ஒரு பக்கத் துணி தொளதொளவென்றே இருக்கும். முதலில் குறுகிய பக்கத்தின் இரண்டு மூலைகளை அடியுங்கள். அங்கிருந்து செங்கோணம் பார்த்து மூன்றாவது, பிறகு நான்காவது. கம்பை ஒரேயடியாக முழு உயரத்துக்கு நீட்டாதீர்கள். சற்றுக் குறைவாக நிறுத்தி, மூலைக் கயிறுகளைச் சரிசெய்துவிட்டு, கடைசியில் கம்பை நீட்டித் துணியை விறைப்பாக்குங்கள். காற்று பலமாக இருந்தால் இரண்டு உச்சியிலிருந்தும் கயிறு இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். ஆறு முளை என்ற கணக்கு அதற்குத்தான். வெளித்துணியை முதலில் கட்டலாம் என்பதால், கொட்டும் மழையிலும் உள்வலை நனையாது.

துணி 15 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) பாலியஸ்டர். சிலிகான் பூசிய நைலான் ஈரத்தை உறிஞ்சி நெகிழும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவு மழையில் தொய்ந்து உள்வலையில் ஒட்டும். எழுந்துபோய் மறுபடி இழுக்க வேண்டும். பாலியஸ்டரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதே டெனியர் நைலானைவிடக் கிழிசலைத் தாங்கும் வலு சற்றுக் குறைவுதான், இருந்தாலும் மழை இரவில் தூக்கம் கெடாமல் இருப்பதே முக்கியம் என்பதால் இந்தத் தேர்வு சரியானது. தையல்களுக்கு ஆலையிலேயே டேப் ஒட்டி வருகிறது. இருபுறமும் சிலிகான் பூசிய துணியில் வழக்கமான டேப் ஒட்டாது. அத்தகைய கூடாரங்களில் தையலுக்கு நாமே சிலிகான் பசை தடவ வேண்டியிருக்கும்.

விடியலில் வெளித்துணியின் உட்புறம் நனைந்திருப்பதைப் பார்த்து "ஒழுகுகிறது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது நம் மூச்சின் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீராவது. எந்த விலையில் வாங்கினாலும் இது நடக்கும். இரட்டை அடுக்கு என்பதால் இங்கே அந்த நீர் தூங்கும் பையில் எளிதில் படுவதில்லை. ஓடைக்கரையையும் பள்ளத்தையும் தவிர்த்துச் சற்று மேட்டில் கட்டுங்கள். உச்சித் துவாரங்களை மூடாதீர்கள். மழை இல்லாத இரவில் காற்றுக்கு மறைவான பக்கத்து வாசலைச் சுருட்டிவைத்தால் ஈரம் வெகுவாகக் குறையும்.

முளை இறங்காத பாறைத் தரைதான் இதன் பெரிய பலவீனம். தானாக நிற்கும் வளைகம்பிக் கூடாரம் அங்கே எளிதாகச் சமாளிக்கும். இது முளை பிடித்தால்தான் நிற்கும். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மீட்டர் கூடுதல் கயிறு கையில் இருக்கட்டும். கயிற்றின் நுனியில் ஒரு குச்சியைக் குறுக்கே கட்டி, அதைப் பெரிய கல்லுக்குப் பின்னால் கிடத்தி, மேலே இன்னும் கல் அடுக்கினால் பிடித்துக்கொள்ளும். மணலில் நீள முளையைப் படுக்கவைத்துப் புதைத்து மிதிக்க வேண்டும். பயணம் முழுக்கப் பாறையும் மரப்பலகை மேடையுமாக இருக்கும் என்று தெரிந்தால், அரைக் கிலோ கூடினாலும் வளைகம்பிக் கூடாரத்தையே எடுங்கள். மண்தரைப் பாதையில், கம்பு ஊன்றித் தனியாக நடப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்.