40 பேர் லேன் பார்ட்டி: கேமிங் சென்டரா, காலேஜ் லேபா, கல்யாண மண்டபமா?

எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து ஆடும் லேன் பார்ட்டியை நடத்தலாம் என்று பேச்சு எடுத்தவுடன் "என்ன கேம்?" என்று கேட்பார்கள். அடுத்து "யார் யார் வர்றாங்க?" என்று கேட்பார்கள். கரண்ட் பற்றிய கேள்வி கடைசியில் வரும், சில சமயம் வராமலே போகும். வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் உட்காரும்போது அது பரவாயில்லை. நாற்பது பேர் என்று ஆகிவிட்டால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கரண்ட்தான். வாடகை, பரப்பளவு, பஸ் வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த மூன்று இடங்களையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே எடை போடுகிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். கிராபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப், மானிட்டரும் சேர்த்து, ஆட்டம் ஓடும்போது சுமார் 400 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய கார்டு என்றால் கூடும், லேப்டாப் என்றால் நன்றாகவே குறையும். ஆறு பேர் மேசை ஏழு என்று வைத்து, 42 சிஸ்டத்துக்கு 16.8 கிலோவாட் ஆகிறது. 230 வோல்ட்டில் இது 73 ஆம்பியர். சிங்கிள் பேஸ் லைன் உள்ள வீடோ கடையோ இதைத் தாங்காது. த்ரீ பேஸ் (மூன்று லைன்) இருந்து சமமாகப் பிரித்தால் பேஸுக்கு 24 ஆம்பியர்தான் வரும்.

இழுத்த கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாக அந்த அறைக்குள்ளேயே இறங்கும். ஆளுக்கு 100 வாட் உடம்புச் சூட்டையும் சேர்த்தால் மொத்தம் 21 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட். அதாவது மெஷினுக்கும் மனுஷனுக்கும் மட்டுமே 6 டன் வேண்டும். மொட்டை மாடி வெயில் இந்தக் கணக்கில் இல்லை.

கேமிங் சென்டர்: இருபது பேர் வரை இதுதான்

இருபது பேருக்குள் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஊரில் இருக்கும் நல்ல சென்டரை ஒரு ராத்திரிக்கு மொத்தமாகப் பேசிவிடுங்கள். சிஸ்டம், ஹெட்செட், ஏசி, யுபிஎஸ் எல்லாம் தயாராக இருக்கும். கேம்கள் அப்டேட் ஆகியிருக்கும். யாரும் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். மணிக்கு இவ்வளவு என்று எழுதிப்போட்ட ரேட்டை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், கடை மூடும் நேரத்திலிருந்து விடியும் வரை மொத்தமாக ஒரு தொகை பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அந்த நேரத்தில் சீட்டுகள் எப்படியும் காலிதான்.

சிக்கல் இருபதைத் தாண்டும்போது வருகிறது. பெரும்பாலான சென்டர்களில் பத்து, இருபது சீட்டுக்கு மேல் கிடையாது. மீதிப் பேர் தங்கள் லேப்டாப்பை எடுத்து வந்தால் செருக பாயின்ட் இருக்காது. இருக்கிற பாயின்டில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டால் கடைக்காரர் கத்துவார், அவர் கத்துவது நியாயம்தான். இரண்டு சென்டரில் பாதிப் பாதியாகப் பிரித்து ஆன்லைனில் இணைத்து ஆடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்து, சுட்டவனின் முகத்தை எட்டிப் பார்க்க முடிவதுதானே இதன் சுகம். அதை விட்டுக்கொடுத்து நடத்துவதற்கு அவரவர் வீட்டிலிருந்தே ஆடிவிடலாம்.

காலேஜ் லேப்: பழைய கேமுக்குப் பொருத்தம்

லேபில் நாற்பது, அறுபது சிஸ்டம் வரிசையாக இருக்கும். நெட்வொர்க் ஸ்விட்ச், கேபிள், யுபிஎஸ், ஏசி எல்லாம் போட்டு வைத்திருப்பார்கள். சிம்போசியம் நாட்களில் கேமிங் ஈவன்ட் அங்கே நடப்பதற்குக் காரணமும் அதுதான். செலவு கிட்டத்தட்ட இல்லை. துறைத் தலைவரின் அனுமதியும், லேப் அசிஸ்டென்டின் நல்ல மனசும் போதும்.

ஆனால் அந்த சிஸ்டங்களில் பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவை வெண்ணெய் மாதிரி ஓடும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 திணறும். வாலரண்ட்டின் கதை இன்னும் சுவாரசியம். அதோடு வரும் வேன்கார்ட் என்ற ஆன்டி-சீட்டை (ஆட்டத்தில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) நிறுவ அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். நிறுவிய பிறகு சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பல லேப்களில் ரீஸ்டார்ட் செய்தாலே போட்டதெல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும்படி மென்பொருள் வைத்திருப்பார்கள். நிறுவு, ரீஸ்டார்ட் செய், காணோம், மறுபடி நிறுவு என்று காலைப் பொழுது போய்விடும். போதாக்குறைக்கு வாலரண்ட்டை உள்ளூர் லேனில் நம் சர்வரில் வைத்து ஆட வழியே இல்லை. ஆட்டம் எப்போதும் அதை உருவாக்கிய ரயட் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான். அது ஆடவேண்டும் என்றால் லேபை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். லேபில் உள்ள சிஸ்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு நம்முடையதைச் செருகலாம் என்று நினைக்கத் தோன்றும். அந்த யுபிஎஸ் தலைக்கு 100 வாட் அளவில் இழுக்கும் சாதாரண சிஸ்டங்களுக்காகக் கணக்கிட்டு வைத்தது. நம் சிஸ்டங்கள் நான்கு மடங்கு இழுக்கும். முதல் மேட்ச் சூடு பிடிப்பதற்குள் ஓவர்லோடு அலாரம் கத்த ஆரம்பிக்கும். அடுத்த நாள் பிராக்டிகல் இருந்தால் விளைவு நமக்குத் தெரியும்.

கல்யாண மண்டபம்: நாற்பதுக்கு மேல் இதற்கு ஈடு இல்லை

உலகத்தின் பெரிய லேன் பார்ட்டிகள் போன பாதையைப் பாருங்கள். ஸ்வீடனின் ட்ரீம்ஹேக் 1994-இல் மாலுங் என்ற ஊரில் ஒரு பள்ளியில் தொடங்கியது. கூட்டம் பெருகப் பெருக, யோன்ஷோப்பிங் நகரின் எல்மியா கண்காட்சி வளாகத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவின் குவேக்கான் 1996-இல் டெக்சாஸில் ஒரு ஹோட்டலில் ஆரம்பித்து, பிறகு பெரிய அரங்குகளுக்கு நகர்ந்தது. ஆயிரம் பேர் கூடுவதற்கென்றே கட்டிய கட்டடம், அதற்கேற்ற கரண்ட், சாப்பாட்டுக்குத் தனி இடம், ராத்திரி தங்க அறை: இவை நம் ஊரில் எங்கே இருக்கின்றன? தெருவுக்குத் தெரு இருக்கும் கல்யாண மண்டபத்தில்தான்.

த்ரீ பேஸ் சப்ளையும் ஜெனரேட்டரும் மண்டபத்துக்கு அடிப்படைத் தேவை. நமக்கு வேண்டிய 17 கிலோவாட்டோடு ஏசிக்கு ஒரு 7 கிலோவாட் சேர்த்தால் 24. பாதுகாப்பு இடைவெளியோடு 40 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அலகு) ஜெனரேட்டர் தாராளம். மண்டபக்காரர்கள் பலர் அதைவிடப் பெரியதே வைத்திருப்பார்கள். டீசல் காசு மணிக்கணக்கில் தனியாக வருமா, வாடகையிலேயே அடங்குமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை பயமுறுத்துகிறது என்றால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பல மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். பேரம் பேச அதைவிட நல்ல நேரம் வராது. இரண்டில் எனக்குப் பிடித்தது மார்கழி. அரைப்பரீட்சை லீவு, வெளியே குளிர்ச்சி, ஏசிக்கு வேலை குறைவு.

மண்டபத்தின் குறை, கரண்ட் இருக்கிற இடத்தில் பாயின்ட் இருக்காது என்பதுதான். மேடைக்குப் பக்கத்தில் லைட்காரருக்காக பெரிய பாயின்ட்கள் இருக்கும். ஹால் நடுவே ஒன்றும் இருக்காது. சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் பாயின்ட் மூன்று சிஸ்டத்துக்கு மேல் தாங்காது. வாடகையில் மிச்சமாகும் காசை இங்கேதான் கொட்ட வேண்டும். கல்யாணத்துக்கு சீரியல் லைட் போடும் ஒயர்மேனையே கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து தற்காலிக லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

என் சிபாரிசு, ஆறு பேரை ஒரு அலகாக வைப்பது. ஒரு மேசைக்கு ஆறு பேர், ஒரு 16 ஆம்பியர் லைன், அதற்கென ஒரு எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் கருவி). ஆறு சிஸ்டம் 2,400 வாட், அதாவது பத்தரை ஆம்பியர் இழுக்கும். மீதி இடம் யாராவது பெரிய கார்டு கொண்டுவந்தால் உதவும். 42 பேருக்கு ஏழு மேசை. பேஸுக்கு இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிந்துவிடும். ஐந்து பேர் டீமாக ஆடும் கேமில் ஆறாவது நாற்காலி சப்ஸ்டிட்யூட்டுக்கு.

ஒயர்மேனிடம் மறக்காமல் பேச வேண்டிய ஒரு விஷயம் ஆர்சிசிபி, அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி. ஒவ்வொரு சிஸ்டத்தின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலும் இரைச்சலை வடிகட்டும் கபாசிட்டர்கள் இருக்கின்றன. அவை வழியாக எர்த்துக்குக் கொஞ்சூண்டு கரண்ட் எப்போதும் கசியும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படித்தான். ஒரு மெஷினுக்கு ஒரு மில்லியாம்பியர் என்று வைத்தாலும் இருபது மெஷின் ஒரே ஆர்சிசிபியின் கீழ் வந்தால் 20 மில்லியாம்பியர் ஆகிவிடும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே விழக்கூடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன் செய்யும்போது 'டப்' என்று மொத்த ஹாலும் இருட்டாகும். எங்கே ஷார்ட் என்று தேடினால் எங்குமே இருக்காது. இந்த இடத்தில் ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வைத்து வேலை செய்யாதீர்கள். ஸ்கூல் பசங்களும் உட்காரும் இடம் அது. இரண்டு மேசைக்கு ஒரு ஆர்சிசிபி என்று பிரித்தால் பிரச்சினை தானாகத் தீரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே முதல் பிளக்கைச் செருக வேண்டும்.

மேசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மண்டபத்தின் பந்தி மேசை இலை போடும் அகலத்துக்குத்தான் இருக்கும். மானிட்டரை வைத்தால் கீபோர்டுக்கு இடமில்லை. இரண்டு மேசையை ஒட்டிப்போட்டு ஒரே பக்கம் உட்கார வைத்தால் சரியாக இருக்கும்.

ஒயரா, வைஃபையா?

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. ஒயர்தான். ஒரு ஆட்டத்துக்கு வேண்டிய டேட்டா மிகக் குறைவு. ஆனால் அது சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும். வைஃபையில் நாற்பது பேரும் ஒரே காற்றலையை முறை வைத்துப் பகிர வேண்டியிருப்பதால் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஏறி இறங்கும். கேபிளில் உள்ளூர் சர்வருக்குப் பிங் ஒரு மில்லிசெகண்டுக்குள் நிற்கும். வைஃபையை போன்களுக்கு விட்டுவிடுங்கள்.

நடுவில் ஒரு 48 போர்ட் ஸ்விட்ச் வைப்பதா, மேசைக்கு ஒரு 8 போர்ட் ஸ்விட்ச் வைப்பதா என்பது உண்மையான கேள்வி. முதலாவது நேர்த்தியானது, ஆனால் 42 நீளக் கேபிள் தரையெங்கும் ஓடும். இரண்டாவதில் மேசைக்கு ஒரே ஒரு நீளக் கேபிள். எட்டில் ஒரு போர்ட் நடு ஸ்விட்ச்சோடு இணைக்கும் அப்லிங்குக்குப் போய்விடும், ஆறு ஆட்டக்காரர்களுக்கு, ஒன்று ஸ்பேர். நம் ஆறு பேர் அலகோடு அச்சாகப் பொருந்துகிறது. எல்லா மேசையும் நடுவில் உள்ள ஒரே ஸ்விட்ச்சுக்கு நேராக வரவேண்டும். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தொடராக மாட்டினால், நடுவில் ஒருவர் பிளக்கைத் தட்டிவிட்டால்கூட அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே விழுவார்கள். யாரையும் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருக விடாதீர்கள். அது தன் பாட்டுக்கு ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்தால் பாதிப் பேருக்கு சர்வரே தெரியாது. நடுவில் உள்ள ஸ்விட்ச்சுக்கும் கேம் சர்வருக்கும் மட்டும் ஒரு யுபிஎஸ் போதும். ஆனால் ஈபி போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் சிஸ்டங்கள் எல்லாம் அணைந்துவிடும். அதனால் ஃபைனல் ஆட்டத்தை ஜெனரேட்டரிலேயே தொடங்கி ஜெனரேட்டரிலேயே முடிப்பது நல்லது.

இன்டர்நெட்டில் வேகம் வாங்குவதா, ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் கேஷ் சர்வர் வைப்பதா என்றால் கேஷ் சர்வர். அன்று காலையில் 30 ஜிபி அப்டேட் வந்துவிட்டது என்று வையுங்கள். 40 பேரும் தனித்தனியாக இறக்கினால் 1,200 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைனில் அதற்கு 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். லேன்கேஷ் என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய சிஸ்டத்தில் போட்டு வைத்தால் முதல் ஆள் இறக்கும் 40 நிமிடத்தோடு வெளி வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு உள்ளிருந்தே கிகாபிட் வேகத்தில் போகும். அதற்கு நேரமில்லை என்றால் 2023-இலிருந்து கேம் விற்கும் தளமான ஸ்டீமிலேயே பக்கத்து சிஸ்டத்திலிருந்து கேமை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது.

சாப்பாடு விஷயத்தில் மண்டபம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், டைனிங் ஹால் தனியாக இருப்பதால். பரோட்டா சால்னாவை ஆட்ட மேசைக்கு அனுமதிக்காதீர்கள். டீ கேனை வாசலில் வைத்தால் ஆட்கள் எழுந்து நடப்பார்கள், முதுகுக்கும் நல்லது.

சொந்த சிஸ்டம் கொண்டுவருவோருக்கு ஒரு வார்த்தை. கேபினட்டை ஆட்டோவில் நிற்கவைத்துக் கொண்டுவந்தால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கனமான கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் தொங்கி ஆடும். மதர்போர்டு கீழ்ப்பக்கம் வரும்படி படுக்க வையுங்கள், கார்டு நேராக நிற்கும். கண்ணாடிப் பக்கம் மேலே வரும் என்பதால் அதன் மேல் போர்வை மட்டும் போடுங்கள், மானிட்டரை அடுக்காதீர்கள். மவுஸ், பவர் கேபிள், ஹெட்செட் எல்லாவற்றிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கட்டும். நாற்பது கறுப்பு பவர் கேபிள் ஒரே தரையில் கிடக்கும்போது காலை ஆறு மணிக்கு யாருக்கும் தன்னுடையது எது என்று தெரியாது. வாசலில் ஒரு நோட்டில் கொண்டுவந்த சாமான்களை எழுதி, போகும்போது டிக் அடித்து அனுப்ப ஒருவரை உட்கார வையுங்கள். அந்த ஆள் முந்தைய ராத்திரி தூங்கியவராக இருக்க வேண்டும்.