மூங்கில் அடைக்கூடை: பொள்ளாச்சிச் சந்தையில் எதைப் பார்த்து வாங்குவது

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வரைக்கும் நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில் அடை வைக்க, அதாவது கோழியை முட்டைமேல் உட்காரவைத்துக் குஞ்சு பொரிக்க, பெரும்பாலும் மூன்று சாமான்கள் புழக்கத்தில் இருக்கின்றன: மூங்கில் கூடை, அகல வாய் மண்சட்டி, பிளாஸ்டிக் டப். நாம் அவயம் என்பதை கேரள எல்லை தாண்டினால் அட வெக்குக என்பார்கள். பேச்சு மாறினாலும் கூடை மாறுவதில்லை. மூன்றில் முதல் இடம் மூங்கிலுக்குத்தான். ஆனால் சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் எல்லாக் கூடையும் அடைக்கு ஆகாது.

முதலில் அடியைப் பாருங்கள். காய்கறி அள்ளும் கூடைக்கு அடி தட்டையாக இருக்கும். அதில் கோழி எழுந்து திரும்ப உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஓரத்து முட்டைகள் உருண்டு விலகும். இறக்கைக்கு வெளியே ராத்திரி முழுக்கக் கிடந்த முட்டையில் கரு வளராமல் நின்றுவிடலாம். 11 முட்டை வைத்து 5 பொரித்தால் சேவலைக் குறை சொல்வதற்கு முன்னால் கூடையின் அடியைக் கவனியுங்கள். அடைக்கூடை கிண்ணம் போலக் குழிந்திருக்க வேண்டும். முட்டைகள் தாமாகவே நடுவுக்கு வந்து சேரும். வாய் 14 முதல் 16 அங்குலம், ஆழம் 6 அங்குலம் இருந்தால் ஒரு நாட்டுக்கோழி 9 முதல் 12 முட்டை வரை தாராளமாக அணைக்கும். அதற்குமேல் வைக்கும் ஆசை வேண்டாம்.

அடுத்து, உள்பக்கம் கையை ஓட்டிப் பாருங்கள். சிலாம்பு குத்தினால் அந்தக் கூடையை விட்டுவிடுங்கள். முட்டை ஓடும் கீறும், கோழியின் நெஞ்சும் புண்ணாகும். முஷ்டியால் அடியை அழுத்தினால் நெகிழக் கூடாது. வெளிப்பக்கம் சாணி மெழுகி நன்றாகக் காய்ந்த கூடை கிடைத்தால் அதையே எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊர்களில் பின்னல் இடுக்கு திறந்திருந்தால் அடி முட்டைகளுக்குச் சூடு தங்காது.

உள்ளே என்ன போடுவது என்பதில்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தேங்காய் மஞ்சி (நார்) கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது என்று அதைப் போடாதீர்கள். பொரித்த குஞ்சின் காலில் நார் சுற்றி இறுகிவிடும். வீங்கிய பிறகுதான் கண்ணில் படும். நார்க்கழிவுத் தூள் ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை கட்டும். இரண்டு விரல் கனத்துக்கு மணல், அதன்மேல் ஒரு கை சலித்த சாம்பல், மேலே கசக்கி மிருதுவாக்கிய வைக்கோல் நாலு விரல், இடையில் கொஞ்சம் வேப்பிலை. இவ்வளவு போதும். இடி இடித்தால் முட்டை கெடும் என்று பயந்து இரும்புத் துண்டும் கரித்துண்டும் வரமிளகாயும் வைக்கிறவர்கள் வைக்கட்டும், கெடுதல் இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது செள்ளு என்னும் சிறு பூச்சிக்குத்தான்.

இந்தக் கூடையின் பெரிய குறையும் அதுவே. மூங்கில் பிளாச்சு இடுக்குகளில் செள்ளு பகலில் ஒளிந்திருந்து ராத்திரியில் கோழியின் ரத்தத்தைக் குடிக்கும். உட்கார வேண்டிய கோழி கூடையில் நின்றுகொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். இருட்டியபின் வெள்ளைத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புத் தீற்றல் இருந்தால் செள்ளு உறுதி. அன்றைக்கே வைக்கோலை மாற்றி எரித்துவிட்டு, கோழியின் இறக்கை அடியில் வசம்புத் தூள் தடவுங்கள். பூச்சிமருந்தைக் கூடைக்குள் அடிக்கவே கூடாது. முட்டை ஓடு மூச்சு விடுவது. புதுக்கூடையானாலும் கொதிநீர் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் காயவிட்ட பிறகே அடை வையுங்கள். சாணி மெழுகுவதாக இருந்தால் அதற்குப் பிறகு.

செள்ளு ஒளிய இடம் இல்லாதது மண்சட்டி. கோடையில் அதுவே மேல் என்றுகூடச் சொல்லலாம். மழைக்காலத்தில் சில்லிட்டுப்போகும், நகர்த்தினால் உடையும். பிளாஸ்டிக் டப்பைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அடியில் வேர்வை கட்டும், எச்சம் பட்டால் நாற்றம் அடங்காது. வேறு வழி இல்லாதவர்கள் அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, மணலைக் கனமாகப் பரப்புங்கள்.

கோழியைக் கூடைக்கு மாற்றுவது இருட்டிய பிறகுதான். இரண்டு கூமுட்டையை வைத்து இரண்டு ராத்திரி பார்த்து, அசையாமல் உட்கார்ந்தால் நல்ல முட்டைகளை எல்லாம் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை, கழுவிய முட்டை வேண்டாம். கம்பும் சோளமும் தண்ணீரும் கூடையிலிருந்து நாலடி தள்ளி இருக்கட்டும். பக்கத்திலேயே இருந்தால் கோழி இறங்காது, கூடையிலேயே எச்சமிடும். தினம் 15, 20 நிமிடம் இறங்கினால் சரி.

7ஆம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலை போல நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொட வேண்டாம். மார்கழி, தை மாதத்து வறண்ட கீழ்க்காற்றில் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளியே வரமுடியாமல் செத்துவிடும். அந்த மாதங்களில் 18ஆம் நாள் கூடையைச் சுற்றியுள்ள தரையை நனைத்து, ஓர வைக்கோலில் மட்டும் வெதுவெதுப்பான நீர் தெளியுங்கள்.

ஆறு அங்குல ஆழத்தால் 21ஆம் நாள் ஒரு சிக்கல் வரும். முதலில் பொரித்த குஞ்சு விளிம்பேறி வெளியே விழுந்தால் திரும்ப ஏற முடியாது, குளிரில் விறைத்துப்போகும். அதனால் 19ஆம் நாளே கூடையைச் சுற்றி விளிம்பு உயரத்துக்கு வைக்கோலைச் சரிவாகக் குவித்து, மொத்தத்தையும் பெரிய பஞ்சாரத்தால் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) மூடிவிடுங்கள். கீரி, பூனைக்கும் அதுவே காவல். ஓட்டைக் கொத்திய குஞ்சுக்கு ஒரு நாள்வரை அவகாசம் கொடுங்கள், ஓட்டை உரிக்காதீர்கள். மஞ்சள் கரு உள்ளிழுத்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி தேவையில்லை. பிறகு நொய்யும், கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீரும். குஞ்சு பொரித்த 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கக் கண்ணில் சொட்டு மருந்து போட, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.