நாலரை வருஷம், ஐந்து துருவிகள், நாளைக்கு ரெண்டு சீஸ் சாண்ட்விச்

“இன்னா நைனா, காலங்காத்தால சோப்புக் கட்டியத் துருவிக்கினு கீற?” என்று அம்மா கேட்ட அன்றைக்குத்தான் இந்த வேலை என் தலையில் விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்காரி நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடிந்து அவள் காட்பாடி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பள்ளி வேன் போய்விடும். அதனால் பிள்ளைகள் இரண்டு பேரின் டிபன் பாக்ஸ் என் பொறுப்பு. எனக்கு உருப்படியாக வருவது சாண்ட்விச் ஒன்றுதான். வாரத்தில் நாலு நாளாவது அதுதான் போகும். நாலரை வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஏன் துருவ வேண்டும்? சீஸ் ஸ்லைஸ் இருக்கிறதே என்று நானும் கேட்டவன்தான். ஸ்லைஸை வைத்து டோஸ்ட் செய்தால் சூடாக இருக்கும்வரை சரி. பன்னிரண்டரைக்குப் பையன் அதைக் கடிக்கும்போது ஆறிப்போய், முழு ஸ்லைஸும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வாய்க்குப் போய்விடுகிறது. மிச்சம் வெறும் வெங்காயமும் குடைமிளகாயும்தான். அதுவும் சட்டையில். துருவிப் போட்டால் காய்த்துண்டுகளின் இடுக்கில் புகுந்து உருகி, ஆறும்போது எல்லாவற்றையும் பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது. இழை மெல்லியது என்பதால் சீக்கிரம் உருகும். பிரட் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். 25 கிராம் க்யூப் ஒன்றைத் துருவினால் தளர்வாகக் கால் கப் வரும், ஒரு பிரட்டின் மூலைவரைக்கும் போகும். அதே க்யூபைக் கத்தியால் அரிந்தால் நடுவில் மட்டும் நாலு துண்டு.

நான் சொல்வது நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற பிராசஸ்டு சீஸ் பற்றி. சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்த்து உருக்கி வார்த்தது என்பதால் எண்ணெய் தனியாகப் பிரியாமல் குழைவாக உருகும். அதே குணத்தால்தான் துருவும்போது உயிரை எடுக்கும். மொசரெல்லா என்றால் ஈரம் அதிகம், இன்னும் மோசம். பனீரைத் துருவிப் போட்டால் உருகாதா என்று பெண் கேட்டாள். உருகாது, அது புளிப்பு விட்டுத் திரித்தது, எவ்வளவு சூடு காட்டினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இனி துருவிகள். முதலில் வீட்டில் இருந்த கேரட் சீவும் பிளாஸ்டிக் பலகை. அழுத்தினால் வளையும், சீஸ் நசுங்கிப் பின்பக்கம் புழு மாதிரி தொங்கும். பத்து நாளில் கேரட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அரிவாள்மனை மூக்கில் தேங்காய்த் துருவுகிற மாதிரி முயன்றதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

அடுத்தது கைப்பிடியைச் சுற்றுகிற உருளைத் துருவி. ஆன்லைனில் வாங்கினேன். விரல் வெட்டுப்படாது, பிள்ளைகளே சுற்றலாம், பார்க்கவும் ஜோர். கெட்டியான சீஸுக்கு அது அருமையான சாதனம். நம் சீஸ் உருளைக்குள்ளேயே அப்பிக்கொண்டு பாதி வெளியே வராது. கழற்றினால் நாலு உதிரி. எட்டாவது மாதம் கைப்பிடிப் பக்கம் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. இப்போது பையனின் விளையாட்டுச் சாமான்களோடு கிடக்கிறது.

மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது நீளமான அரம் போன்ற துருவி. அரமேதான் என்று சொல்லலாம். இந்த வகையைப் பிரபலமாக்கிய மைக்ரோபிளேன் என்ற அமெரிக்க நிறுவனம் முதலில் மரவேலைக்காகத்தான் அந்த அரத்தைச் செய்துவந்தது. எலுமிச்சைத் தோலுக்கும் ஜாதிக்காய்க்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. பிராசஸ்டு சீஸைத் தேய்த்தால் பற்களெல்லாம் அடைத்து, நாமக்கட்டி குழைத்த மாதிரி ஆகிவிடும்.

மிக்ஸியோடு வந்த ஃபுட் பிராசசர் தட்டு நிஜமாகவே நன்றாகத் துருவுகிறது. பிறந்தநாளுக்கு முப்பது பிள்ளைகள் வந்தபோது ஒரு கிலோ சீஸை இரண்டு நிமிஷத்தில் முடித்தது. ஆனால் காலை ஆறரை மணிக்கு 50 கிராமுக்காக ஜாடி, மூடி, தட்டு, தண்டு, அமுக்கி என்று ஐந்து சாமான் கழுவ யாருக்குப் பொறுமை?

கடைசியில் நிலைத்தது லாங் பஜார் பாத்திரக் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய எவர்சில்வர் நாலு பக்கத் துருவி. அதிலும் பெரிய ஓட்டைப் பக்கம் மட்டும்தான் சாண்ட்விச்சுக்கு. சின்ன ஓட்டையில் வருவது வாயில் ஒன்றும் தெரியாது, முள்ளு முள்ளாக இருக்கிற பக்கத்தைக் கழுவியே விரல் தேயும். மேலே கைப்பிடி உருட்டுக் கம்பியாக இருக்க வேண்டும். தகடு மடித்தது என்றால் உள்ளங்கையை அறுக்கும்.

எந்தத் துருவியாக இருந்தாலும் வேலூரில் முதல் எதிரி வெயில். கத்திரி வெயில் நாட்களில், லீவு என்றாலும் பிள்ளைகள் சாயங்காலம் சாண்ட்விச் கேட்கும்போது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீஸ் பத்து நிமிஷத்தில் மெழுகாகிவிடும். மாதாந்திர மின்தடை நாளில் கேட்கவே வேண்டாம், அன்று துருவுவதில்லை, தக்காளி சாண்ட்விச்தான். மற்ற நாட்களில் துருவுவதற்கு முன் இருபது நிமிஷம் ஃபிரீசரில் வைப்பேன். சட்னிக்கு அரைப்பதற்கு முன்னால் வைத்துவிட்டால் சரியாக இருக்கும். ஒருமுறை மறந்துபோய் ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன். துருவத் துருவ ரவை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. கையால் அழுத்தினால் விரல் தடம் விழக்கூடாது, அதே சமயம் கல்லாகவும் இருக்கக்கூடாது. அந்தப் பதம் வந்தால் இழை இழையாக விழும், சத்தமே வேறு மாதிரி கேட்கும்.

க்யூபை விட்டுவிட்டுக் கட்டியாக வாங்க ஆரம்பித்தது இரண்டாம் வருஷத்தில். க்யூபைப் பிடித்துத் துருவினால் பாதியிலேயே நகம் போகிறது. எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது. கட்டியில் மேலுறையைப் பாதிவரை மட்டும் உரித்து, உறையோடு இருக்கிற பகுதியைப் பிடித்துக்கொண்டால் கையும் வழுக்காது, கைச்சூடும் ஏறாது. துருவியை நிற்க வைக்காமல் தட்டின் மேல் படுக்கப்போட்டு, பெரிய ஓட்டைப் பக்கம் மேலே வரும்படி வைத்து, ஒரே திசையில் தள்ளுவேன். துருவல் உள்ளேயே சேரும், மேடையில் சிந்தாது. முன்னதாக ஒரு சொட்டு எண்ணெயை ஓட்டைகளின் மேல் விரலால் தடவினால் ஒட்டுவதும் குறையும்.

கழுவுவதில் வீட்டுக்காரிக்கும் எனக்கும் நடந்த சண்டையில் அவள் ஜெயித்தாள். நான் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவேன். சீஸ் உருகி ஓட்டைக்குள் பூசிக்கொள்ளும். அவள் சொன்னபடி முதலில் குளிர்ந்த தண்ணீர், பழைய டூத் பிரஷ், அதன் பிறகு சோப்பும் சுடுதண்ணீரும். ஸ்பாஞ்சைத் துருவியில் தேய்த்தால் ஸ்பாஞ்சும் துருவலாகும்.

துருவியே வேண்டாம், துருவிய பாக்கெட் வாங்கலாமே என்று ஆபீஸில் கேட்கிறார்கள். ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அதனால் குழைந்து சேர்வது கொஞ்சம் குறைவு. பிரித்த பாக்கெட்டில் பூஞ்சையும் சீக்கிரம் வருகிறது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சரி.

குறை இல்லாமல் இல்லை. இத்தனை நாளில் இந்த எவர்சில்வர் துருவியின் அடி மூலையில், தகடு சேர்கிற இடத்தில், லேசாகத் துரு ஏறியிருக்கிறது. பெரிய ஓட்டைகளின் முனை முன்னைப்போலக் கூர்மையாக இல்லை. போதாக்குறைக்கு, சோப்புக் கட்டி என்று கிண்டல் செய்த அம்மா இப்போது அதே துருவியில் முள்ளங்கி துருவுகிறார். சீஸில் முள்ளங்கி வாடை என்று போன வாரம் பெண் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை அதே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்தேன். விலை 190. புதியது அம்மாவுக்கு.