லைட்னிங் போல்ட்டை முதலில் ஆல்பத்தில் கேளுங்கள்

லைட்னிங் போல்ட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே, "நேரில் பார்க்கணும், ரெக்கார்டிங் எல்லாம் சும்மா" என்பார்கள். நேரிலும் பார்த்துவிட்டேன், ஆல்பங்களையும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நேரில் பார்த்தே ஆக வேண்டியவர்கள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் பாட்டுகள் முதலில் மனதில் பதியாமல் கச்சேரிக்குப் போனால் பாதி இசை காதில் விழாமலே போய்விடும். அதுவும் நல்ல பாதி.

ஆட்கள் இரண்டே பேர். பிரையன் சிப்பெண்டேல் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார். பிரையன் கிப்சன் பேஸ் கிட்டார். வேறு வாத்தியமே கிடையாது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்துக் கலைக் கல்லூரி மாணவர்களாக 1994-ல் ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் 'ஃபோர்ட் தண்டர்' என்ற பெயரில் ஓவியர்களும் இசைக்காரர்களும் சேர்ந்தே குடியிருந்தார்கள். அந்தக் கட்டடம் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். மேடையே இல்லாமல் தரையில் வாசிக்கும் வழக்கத்தைப் பல வருடங்கள் விடாமல் வைத்திருந்ததும் இவர்கள்தான். கூட்டம் சுற்றி நிற்கும், நடுவில் டிரம்ஸ், அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஆம்ப்கள், அதாவது பேஸின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகள்.

நான் பார்த்த கச்சேரியும் அப்படித்தான். முதலில் சிப்பெண்டேல் பக்கம் போய் நின்றேன். முகத்தை மூடிய துணி முகமூடி, அதற்குள் வாயோடு ஒட்டினாற்போல் மைக். பழைய டெலிபோன் ரிசீவரிலிருந்து எடுத்த மைக் அது. கையால் பிடிக்க வேண்டாம் என்பதால் இரண்டு கையும் டிரம்ஸுக்கே. கூட்டம் முன்னால் சாயும்போது யாரோ ஒருவர் சிம்பல் ஸ்டாண்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், சிப்பெண்டேல் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார். கோயில் வாசலில் தவிலுக்கு ஒட்டி நின்றவர்களுக்கு இந்த அனுபவம் புரியும்: சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சில் இறங்கும். சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் அந்த இடத்தில் பேஸ் கேட்கவில்லை. ஓர் உறுமல் மட்டும்தான். இரண்டு பாட்டு முடிந்ததும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஆம்ப் பக்கம் வந்தேன். அப்புறம்தான் கச்சேரியே ஆரம்பித்த மாதிரி இருந்தது. கிப்சன் பெரிதாக அசைவதில்லை, ஆடுவதில்லை. விரல்கள் மட்டும் ஓடுகின்றன. பேஸைச் செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரி சி, ஜி, டி, ஏ என்று சுருதி கூட்டி, உச்ச சுருதிக் கம்பிக்கு பான்ஜோ வாத்தியத்தின் மெல்லிய கம்பியைப் போட்டவர் அவர். அதனால்தான் அடியில் இடியும் மேலே மெட்டும் ஒரே வாத்தியத்திலிருந்து வருகின்றன. எல்லோர் கண்ணும் சிப்பெண்டேல் மேலேயே இருக்கிறது, நியாயம்தான். பாட்டைக் கட்டுவது இந்த மனிதர்.

இதை எனக்குப் புரிய வைத்தது 2003-ல் லோட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'வொண்டர்ஃபுல் ரெயின்போ' ஆல்பம். அதில் 'கிரவுன் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' ஆரம்பத்தைக் கேளுங்கள். விரல் நுனியால் கம்பியைத் தட்டித் தட்டி எழுப்பும் மெட்டு, சுழன்று சுழன்று மேலே போகிறது. கூட்டத்தின் நடுவில் இது சுத்தமாகத் தொலைந்துபோகும். 'டிராகுலா மவுண்டன்' ஹம்மிங் செய்யக்கூடிய பாட்டு. இவ்வளவு இரைச்சலுக்குள் மெட்டு இருக்கிறது என்று நம்பாதவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

2015-ல் த்ரில் ஜாக்கி நிறுவனம் வெளியிட்ட 'ஃபேன்டஸி எம்பயர்' ஆல்பம் முறையான ஸ்டூடியோவில், ரோட் ஐலண்டிலேயே பாட்டக்கெட் நகரத்தில் உள்ள மெஷீன்ஸ் வித் மேக்னட்ஸில் பதிவானது. ரொம்பச் சுத்தமாகிவிட்டது என்று பழைய ரசிகர்கள் சிலருக்குக் குறை. எனக்கு அந்தச் சுத்தம் பிடிக்கிறது. 'த மெட்டல் ஈஸ்ட்' தொடங்கியதுமே பேஸும் கிக் டிரம்மும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. கடைசிப் பாட்டு மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது, எனக்குப் பொறுமை போய்விடுகிறது. 2005-ன் 'ஹைப்பர்மேஜிக் மவுண்டன்' நல்ல ஆல்பம், ஆனால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஒரே மூச்சில் கேட்காதீர்கள், 'டெட் கவ்பாய்' பாட்டு வரை கேட்டுவிட்டு மீதியை நாளைக்கு வையுங்கள்.

வரிகள் புரியவில்லையே என்பார்கள். எனக்கும் பெரும்பாலும் புரிவதில்லை. சிப்பெண்டேலின் குரல் இங்கே இன்னொரு வாத்தியம், அதனால் வரிகளை நான் தேடுவதும் இல்லை.

புதிதாகக் கேட்பவர்கள் 'வொண்டர்ஃபுல் ரெயின்போ'வில் தொடங்குங்கள், நல்ல ஹெட்போனில், இரண்டு மூன்று தடவை. பிறகு உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வந்தால் டிக்கெட் எடுத்துவிடுங்கள். காதுக்கு இயர்பிளக் கட்டாயம், பஞ்செல்லாம் தாங்காது. முன்வரிசைக்கு முட்டி மோத வேண்டாம். கிப்சனின் இடது கை தெரிகிற மாதிரி ஆம்ப் பக்கம் ஓர் இடம் பார்த்து நில்லுங்கள்.