ரெசிடென்சி கிடைக்காத மருத்துவருக்கு மிசௌரி தரும் உரிமம்: மூன்று ஆண்டுப் பணிக்குப் பின் என் மதிப்பீடு

மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் 'மேட்ச்' நாள்; யாருக்கு எந்த மருத்துவமனையில் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி இடம் என்று அறிவிக்கும் நாள். அந்த வாரத்தின் திங்கட்கிழமையே, ரெசிடென்சிக்கு விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் இடம் கிடைத்ததா இல்லையா என்ற மின்னஞ்சல் வந்துவிடும். எனக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 'இல்லை' என்றே வந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றி, திருமணமாகி இங்கே வந்தவள் நான். 2024-ஆம் ஆண்டு மேட்சில் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 விழுக்காட்டினருக்கே இடம் கிடைத்தது. 'ஸ்டெப்' எனப்படும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளில் தேறி, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. தகுதிச் சான்றிதழும் கையில் வைத்திருந்த மற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த செப்டம்பர் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கும் காலத்தில் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்க என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதற்குப் பணமும் காலமும் செலவிடலாம் என்பதை, நானே நடந்து பார்த்த வழிகளைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் போய் நிற்கும் வாசல், பணம் வாங்கிக்கொண்டு மருத்துவமனை அனுபவம் ஏற்பாடு செய்து தரும் இடைத்தரகு நிறுவனங்கள். அப்படி ஒரு நிறுவனத்துக்கு நான்கு வாரத்துக்கு 2,400 டாலர் கட்டினேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் 'எக்ஸ்டர்ன்ஷிப்' என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, மருத்துவருக்குப் பின்னால் நின்று கவனிக்கும் 'ஆப்சர்வர்ஷிப்' ஆகவே அது இருந்தது. அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டம் பெற்றுவிட்ட ஒருவர் அந்த மாநிலத்தின் உரிமம் இல்லாமல் நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பான மருத்துவம். அவருடைய தொழில்முறைக் காப்பீடும் எனக்குத் துணை நிற்காது. இது தெரிந்தும் 'எக்ஸ்டர்ன்ஷிப்' என்று விளம்பரம் செய்து விற்றதுதான் தவறு. கடைசி நாளில் கிடைத்த பரிந்துரைக் கடிதம், எனக்கு முன் அங்கே வந்திருந்த தோழிக்குக் கொடுத்த கடிதத்தோடு ஏறத்தாழ வரிக்கு வரி ஒத்திருந்தது. இந்தச் சேவையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: மாணவராக இருக்கும்போது அமெரிக்க மருத்துவமனைகளில் எலெக்டிவ் என்ற பெயரில் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு, பட்டம் கைக்கு வந்த மறுநாளே மூடிக்கொள்ளும். போக முடியும் என்றால் அதற்கு முன்பே போய்விடுங்கள்.

இடையில் எட்டு மாதம் ஸ்க்ரைப் வேலை செய்தேன். மருத்துவர் நோயாளியோடு பேசப் பேசக் கணினியில் குறிப்பெழுதும் வேலை அது. சம்பளம் குறைவு, முடிவெடுக்கும் பொறுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் இங்கே நோயாளிக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது, எந்தச் சொல்லுக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது என்பதை 2,400 டாலர் கொடுத்து நின்ற நான்கு வாரத்தைவிட இந்த வேலையில்தான் நன்றாகக் கற்றேன்.

இனி மிசௌரிக்கு வருகிறேன். ரெசிடென்சி முடிக்காத பட்டதாரிகளுக்கு 'அசிஸ்டன்ட் ஃபிசிஷியன்' என்ற தனி உரிமத்தை உருவாக்கும் சட்டத்தை அந்த மாநிலம் 2014-இல் நிறைவேற்றியது; உரிமங்கள் வழங்கப்படத் தொடங்கியது 2017-இல். இதை 'ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்' என்ற வேறொரு தொழிலோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது தனிப் படிப்பும் தனித் தேர்வும் உடையது, நம் பட்டத்தைக் கொண்டு அதற்குள் நுழைய முடியாது. இரண்டு பெயர்களும் இவ்வளவு நெருங்கியிருப்பது நோயாளிகளைக் குழப்பும் என்று அந்தத் தொழிலின் சங்கம் தொடக்கத்திலேயே எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். என் மூன்று ஆண்டுகளில் இந்தக் குழப்பத்தை விளக்காமல் கழிந்த வாரம் ஒன்றுகூட இல்லை.

தகுதி விதிகளில் இரண்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது, விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டப்படி நிரந்தரமாக வசிப்பவராகவோ இருக்க வேண்டும் என்பது. துணைவரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்திருக்கும் நம் பெண் மருத்துவர்கள் பலருக்கு இந்த ஒரு வரியிலேயே கதவு அடைபட்டுவிடுகிறது. எனக்குக் கிரீன் கார்டு இருந்ததால்தான் இந்தக் கட்டுரையையே எழுத முடிகிறது. இரண்டாவது, ஸ்டெப் 2 தேர்ச்சி பற்றியது: விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் அதில் தேறியிருக்க வேண்டும். பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழித்துத் தேர்வெழுதியவருக்கும் இதில் இடம் உண்டு என்பது நல்ல செய்தி; ஆனால் தேறிய பிறகு மேட்சுக்காக நான்கைந்து ஆண்டுகள் காத்திருந்துவிட்டு வருபவருக்கு இடமில்லை. என்னோடு படித்த ஒருவர் இப்படித்தான் நாள் கடந்துபோய் நின்றார்.

உரிமம் கிடைத்தால் மட்டும் வேலை செய்துவிட முடியாது. மேற்பார்வை செய்ய ஒப்புக்கொள்ளும் மருத்துவர் ஒருவரோடு எழுத்துப்பூர்வமான கூட்டுப்பணி ஒப்பந்தம் வேண்டும். மருத்துவ வசதி குறைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் ஆரம்ப நிலை மருத்துவம் மட்டுமே பார்க்கலாம். உரிமம் பெற்ற ஆறு மாதத்துக்குள் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்பதும் விதி. உண்மையான தேர்வு இதுதான். நான் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் 64 கடிதங்கள் எழுதினேன். பதில் வந்தவை 5. அவற்றில் மூன்று, இப்படி ஓர் உரிமம் இருப்பதே தெரியாது என்றன. ஆகவே உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே மருத்துவரைத் தேடத் தொடங்குங்கள். நான் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு தேடியதால், ஆறு மாதம் முடிய இரண்டு வாரமே இருந்த நிலையில் கையெழுத்துப் போட்டேன். அந்த நாட்களில் நான் சரியாக உறங்கியதில்லை.

எனக்கு வேலை கிடைத்தது மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், பூட்ஹீல் என்று சொல்லப்படும் பகுதியில். செயின்ட் லூயிஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வாரத்தில் நான்கு நாள் அங்கேயே தங்கினேன். பருத்தியும் நெல்லும் விளையும் சமநிலம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்த எனக்கு, பருத்தி வெடித்து நிற்கும் காட்டை அங்கே முதன்முதலாகப் பார்த்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. அந்தப் பகுதியின் கென்னட் நகரில் இருந்த மருத்துவமனை 2018-இல் மூடப்பட்டது. பிறகு காய்ச்சலோ நெஞ்சுவலியோ எதுவானாலும் மக்கள் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது. ரெசிடென்சி முடித்த மருத்துவர்கள் வரத் தயங்கும் ஊர்களுக்கு, ரெசிடென்சி கிடைக்காதவர்களை அனுப்பினால் ஏழைகளுக்கு இரண்டாம் தர மருத்துவம் ஆகிவிடாதா என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கான விடை முழுக்க மேற்பார்வையின் தரத்தில் இருக்கிறது.

சட்டப்படி முதல் ஒரு மாதம் மேற்பார்வை மருத்துவர் அதே இடத்தில் தொடர்ந்து உடனிருக்க வேண்டும். அதன் பிறகு 14 நாளுக்கு ஒருமுறை, நாம் பார்த்த நோயாளிகளின் குறிப்புகளில் குறைந்தது 10 விழுக்காட்டை அவர் படித்துப் பார்க்க வேண்டும். இது குறைந்தபட்ச அளவு. இதை வெறும் கையெழுத்தாக முடித்துக்கொள்ளும் இடங்களும் இருக்கக்கூடும். என் மருத்துவர் அறுபதைக் கடந்தவர். ஒவ்வொரு வியாழன் மாலையும் கிளினிக் மூடிய பிறகு என்னோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, தாமே தேர்ந்தெடுத்த குறிப்புகளை வரிவரியாகப் படிப்பார். முதல் மாதத்தில், காப்பீடு இல்லாத ஒரு பண்ணைத் தொழிலாளிக்கு நவீன வகை இன்சுலின் பேனா எழுதியிருந்தேன். மருந்து சரி, அளவும் சரி. "இதை அவரால் வாங்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். வால்மார்ட்டில் 25 டாலர் அளவில் கிடைக்கும் பழைய வகை இன்சுலின் குப்பிக்கு மாற்றி, அதன் நேரக் கணக்கை அந்த மனிதருக்குப் பொறுமையாகச் சொல்லித் தரச் சொன்னார். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தை இலவசமாகக் கொடுத்துப் பழகிய எனக்கு, மருந்துச் சீட்டை எழுதிய பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது என்பது அந்த மாலையில்தான் உறைத்தது.

மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். நம் உரிமத்தின் பெயரை அடையாள அட்டையில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று கூறும் அதே சட்டம், நாம் 'டாக்டர்' என்று அழைக்கப்படலாம் என்பதையும் வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஐந்தாண்டுகள் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குறைகளும் கனமானவை. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் இந்த உரிமத்துக்கென்று கட்டணப் பிரிவு இல்லாததால், எங்கள் கிளினிக்கில் மூத்த நோயாளிகள் பெரும்பாலும் மேற்பார்வை மருத்துவரிடமே போனார்கள்; நம்மால் வரும் வருமானம் குறைவு என்பதால் சம்பளப் பேச்சில் நம் கையும் தாழ்ந்தே இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் உரிமம் செல்லாது. எல்லாவற்றையும்விட, இங்கே எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அது ரெசிடென்சிக் காலமாகக் கணக்கில் சேராது. விண்ணப்பத்தில் வலுச் சேர்க்கும், மேற்பார்வை மருத்துவர் உண்மையாக எழுதும் கடிதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த வகையில் வாஷிங்டன் மாநிலமும் டென்னசியும் வேறு வகையில் யோசித்திருக்கின்றன. வாஷிங்டன் 2021-இல் கொண்டுவந்த மருத்துவ அனுபவ உரிமம் இரண்டு ஆண்டுகளுக்கானது, ஒருமுறை புதுப்பிக்கலாம். ரெசிடென்சிக்குப் போவதற்கான பாலம் என்ற நோக்கத்தோடே அது வடிவமைக்கப்பட்டிருப்பதால், முடிவில்லாமல் உதவியாளராகவே தேங்கிவிடும் ஆபத்து அங்கே குறைவு. ஆனால் குறைந்தது ஓராண்டு அந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும், ஸ்டெப் தேர்வுகள் முழுவதும் முடித்திருக்க வேண்டும், ஒரு மருத்துவ அமைப்பு நம்மைப் பரிந்துரைக்கவும் வேண்டும். டென்னசி 2023-இல் நிறைவேற்றிய சட்டம் சொந்த நாட்டில் முதுநிலைப் பயிற்சியோ அண்மைக்காலப் பணி அனுபவமோ உள்ளவர்களுக்கானது. இரண்டு ஆண்டுகள் மேற்பார்வையில் பணியாற்றினால் முழு உரிமத்துக்கு வழி திறக்கிறது. ஊரில் எம்.டி. முடித்துச் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வந்தவர் என்றால் மிசௌரியைவிட இதையே முதலில் பாருங்கள். இருந்தாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது: மாநில உரிமம் வேறு, சிறப்புத் துறைச் சான்றிதழ் வேறு. அமெரிக்க ரெசிடென்சி இல்லாதவருக்கு அந்தச் சான்றிதழ் பொதுவாகக் கிடைப்பதில்லை, அதைக் கேட்காமல் வேலை தரும் மருத்துவமனைகளும் குறைவு.

மிசௌரி உரிமம் யாருக்கு ஏற்றது என்று கேட்டால், கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர், ஸ்டெப் 2 முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர், நகரத்தை விட்டு வெளியே போய் வாழ மனம் உள்ளவர் என்பேன். பொது மருத்துவத்தில் விருப்பம் இல்லாமல் அறுவை சிகிச்சைத் துறையையே எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சம்பளத்தைவிடக் கவனமாகப் பேச வேண்டியவை சில உண்டு: வாரத்தில் எத்தனை மணி நேரம் மருத்துவர் கட்டிடத்தில் இருப்பார், குறிப்புகளை எப்போது உட்கார்ந்து படிப்பார், தொழில்முறைக் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவார், அவர் இல்லாத நாட்களில் அவருக்குப் பதிலாக யார். கடைசிக் கேள்வியை நான் ஏதோ சடங்குபோலத்தான் கேட்டேன். அவர்தான் வற்புறுத்தி, பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதவைத்தார். இரண்டாம் ஆண்டில் அவருக்கே இதய அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது வாரம் படுக்கையில் இருந்தபோது, அந்த இரண்டாவது பெயர் இருந்ததால்தான் கிளினிக்கின் கதவு காலை எட்டு மணிக்குத் திறந்துகொண்டே இருந்தது.